வேதக்காரர் என்ற பெயருக்கு ஏற்றவர்களா நாம்?
செஞ்சி மண்ணிலிருந்து இறைவார்த்தை பற்றிய ஒரு சிந்தனை

தமிழகக் கிராமங்களில் நம் முன்னோர்களுக்கு ஊரார் வைத்த பெயர் "வேதக்காரர்". நம் ஆலயத்தை "வேதக்கோயில்" என்றார்கள். திருமுழுக்குப் பெறுவதை "வேதத்தில் சேருவது" என்றார்கள். "வேதம்" என்ற சொல் அக்காலத்தில் மறையையும் மறைநூலையும் ஒருசேரக் குறித்தது. ஆக, நம்மை அடுத்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டது இறைவார்த்தையைக் கொண்டுதான்.

இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சுமந்த நம் முன்னோர்களில் பெரும்பாலோர் திருவிவிலியத்தைக் கையில் தொட்டதே இல்லை. இன்று நம் வீடுகளில் திருவிவிலியம் இருக்கிறது, கைப்பேசியிலும் இருக்கிறது. ஆனால் நம்மை வேதக்காரர் என்று அழைக்கும் அளவுக்கு அந்த வார்த்தை நம்மிடம் இருக்கிறதா? புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த செஞ்சி மண்ணின் வரலாற்றோடு இணைத்து இக்கேள்வியைச் சிந்திப்போம்.

கோட்டையும் கற்பாறையும்

செஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது கோட்டை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட இக்கோட்டை, மராத்தியர் தொடர்புடைய 12 கோட்டைகளுள் ஒன்றாக 2025 ஜூலை மாதத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அவற்றுள் மகாராஷ்டிர மாநிலத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே.

ஆண்டவரைக் கற்பாறை என்றும், கோட்டை என்றும், அரண் என்றும் திருப்பாடல்கள் பலமுறை அழைக்கின்றன (திபா 18:2, 31:3, 91:2). நகரத்தில் வளர்ந்த ஒருவருக்கு இவை வெறும் உவமைகளாகத் தோன்றலாம். செஞ்சியில் வாழ்பவர்களுக்கு அப்படி அல்ல. பாறையின்மேல் பாறையாக அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகளை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள். எதிரி ஏற முடியாத உயரம், உள்ளே வற்றாத நீர், களஞ்சியத்தில் நெல் ஆகிய மூன்றும் இருந்தால்தான் கோட்டை கோட்டையாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். சவுலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துப் பாறைகளில் ஒளிந்து திரிந்த தாவீதின் செபமும் இந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது. இறைவார்த்தை வானத்திலிருந்து விழுந்த புத்தகம் அன்று. மனிதர் வாழ்ந்த மண்ணில், அவர்கள் பேசிய மொழியில், அவர்கள் பட்ட துன்பத்தில் இறைவன் பேசியதே அது.

அதே கோட்டை வேறொன்றையும் நமக்குச் சொல்கிறது. நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி வென்றார். ஏறத்தாழ எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் வசமாயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என ஆட்சி மாறியது. புல் உலர்ந்துபோகும், பூ வதங்கிவிடும், இறைவனின் வார்த்தையோ நிலைத்திருக்கும் என்று எசாயா உரைத்தது (எசா 40:8) எவ்வளவு உண்மை என்பதற்கு இக்கோட்டையின் இடிந்த மதில்களே சான்று.

இந்த மண்ணில் நற்செய்திப் பணியாளர்கள் காலடி வைத்தது நேற்று அன்று. இயேசு சபையின் மேற்பார்வையாளராக இருந்த நிக்கொலாவு பிமெந்தா அடிகளார் 1597இல் செஞ்சிக்கு வந்தார். அப்போது ஆட்சியிலிருந்த கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரியது என்றும், போர்த்துக்கலில் லிஸ்பன் நீங்கலாக வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் எழுதிவைத்தார். பின்னர் மதுரை மறைப்பணித்தளத்தின் குருக்கள் செஞ்சி நாட்டிலும் பணியாற்றினர். சிவாஜி இக்கோட்டையை எப்படி வலுப்படுத்தினார் என்பதற்கு, 1678இல் அந்திரே பிரெய்ரே அடிகளார் எழுதிய மடலை வரலாற்றாசிரியர்கள் இன்றும் சான்று காட்டுகின்றனர்.

புத்தகம் கையில் இல்லாத காலம்

அந்தக் காலத்தில் மக்களின் நம்பிக்கை எதனால் வளர்ந்தது? கேட்டதனால் வளர்ந்தது. நம்பிக்கை கேள்வியால் உண்டாகிறது என்று புனித பவுல் கூறியது (உரோ 10:17) நம் முன்னோர்களிடம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது.

குருக்கள் மிகச் சிலரே. ஒரு குரு ஓர் ஊருக்கு வந்து போனால் மீண்டும் வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மக்களைக் கூட்டி, செபங்களைச் சொல்லிக்கொடுத்து, மீட்பின் வரலாற்றைக் கதையாக எடுத்துரைத்து, நோயாளிகளைச் சந்தித்து, சாகும் நிலையில் இருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தவர்கள் உபதேசியார்கள். அவர்களை வேதியர் என்றும் அழைத்தோம். நம் உயர்மறைமாவட்டத்தின் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் (1680–1747), இவர்களுக்காகவே "வேதியர் ஒழுக்கம்" என்ற நூலை எழுதினார். குருக்கள் தொலைவில் இருந்தபோது மறையைக் காத்தவர்கள் வேதியர்களே என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நூல்களும் கேட்பதற்காகவே எழுதப்பட்டன. அன்றிக் அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" 1578இல் கொல்லத்தில் அச்சானது. தத்துவ போதகர் என அழைக்கப்பட்ட இராபர்ட் தெ நோபிலி அடிகளார் மறையுண்மைகளை "ஞானோபதேசம்" என்னும் உரைநடையாக்கினார். இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) ஞாயிறு நற்செய்திகளுக்குத் தமிழில் விரித்துரை எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒருவர் வாசிக்க, ஊரே கேட்டுக் கண்ணீர் வடித்தது. வீரமாமுனிவரின் "தேம்பாவணி" புனித யோசேப்பின் வரலாற்றோடு பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் பலவற்றையும் 3615 பாடல்களில் பாடியது. கிராமங்களில் நடந்த பாஸ்கு நாடகம், எழுத்தறியாத மக்களுக்குக் கண்ணால் கண்ட நற்செய்தியாக விளங்கியது.

செஞ்சி வட்டார மக்களுக்குக் கேட்பது புதிதும் அன்று. தேசிங்குராஜன் கதையைப் பாடக் கேட்டு வளர்ந்த மண் இது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நாள்கணக்கில் வாசிக்கப்பட்டு, இரவில் தெருக்கூத்தாக ஆடப்படும் மண் இது. நூலை ஒருவர் வாசிக்க ஊர் கூடிக் கேட்பது, கேட்டதைத் தம் வாழ்வோடு சேர்த்துப் பேசுவது என்ற பழக்கம் இங்கு ஆழமாக வேரூன்றியுள்ளது. நம் சமயச் சகோதரர்கள் தங்கள் நூலைக் கேட்பதில் காட்டும் பொறுமையைக் கண்டு நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

நூல் நம் கைக்கு வந்த வரலாறு

ஓர் உண்மையை மறைக்காமல் ஏற்றுக்கொள்வோம். புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் முதலில் அச்சிட்டவர்கள் நாம் அல்லர். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லூத்தரன் பணியாளர் சீகன்பால்க் 1715இல் அதை அச்சிட்டு முடித்தார். இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. திரிதெந்து சங்கத்துக்குப் பிந்திய காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை தாய்மொழி விவிலியத்தைப் பொதுமக்கள் தாமாகவே வாசிப்பது பற்றி மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தது. தவறான விளக்கம் பிரிவினைக்கு வழிவகுக்கும் என்ற அச்சமே காரணம். அச்சம் முற்றிலும் காரணமற்றது என்று சொல்ல முடியாது. ஆயினும் அதனால் மக்கள் இழந்ததும் சிறிதன்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கத்தோலிக்கத் தமிழ் மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. எனினும் அவை எல்லா வீடுகளையும் சென்றடையவில்லை.

பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1965 நவம்பர் 18 அன்று வெளியான "இறைவெளிப்பாடு" கொள்கைத் திரட்டு, ஆண்டவரின் திருவுடலுக்குச் செலுத்தும் வணக்கத்தைப் போன்றே மறைநூலுக்கும் திருச்சபை வணக்கம் செலுத்திவந்துள்ளது என்று எடுத்துரைத்தது (எண் 21). நம்பிக்கையாளர் அனைவருக்கும் மறைநூல் எளிதில் கிடைக்க வேண்டும் என்றது (எண் 22). பிற சபைகளைச் சேர்ந்த சகோதரர்களோடு இணைந்து மொழிபெயர்க்கவும் வழி திறந்தது.

அந்த வழியில் பிறந்ததே 1995இல் வெளிவந்த "திருவிவிலியம்" பொது மொழிபெயர்ப்பு. இன்று நம் வழிபாட்டில் ஒலிப்பது இந்த மொழிபெயர்ப்பே. இதற்கும் செஞ்சிக்கும் நெருக்கமான உறவு உண்டு. இப்பணியை முன்னின்று நடத்திய தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அமைக்கப்பட்டது திண்டிவனத்தில். செஞ்சியிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர் அது. பிரிந்து நின்ற சபைகள் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு உருவாக்கிய நூல் இது. பழைய ஏற்பாட்டில் 46, புதிய ஏற்பாட்டில் 27 என நாம் ஏற்கும் 73 நூல்களும் கத்தோலிக்கப் பதிப்பில் உள்ளன.

நூல் கைக்கு வந்ததால் கேட்பது தேவையற்றதாகிவிட்டதா? இல்லை. தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்த எத்தியோப்பியரை நினைவுகூர்வோம். நூல் அவர் கையில் இருந்தது. ஆனால் விளக்க ஒருவர் இல்லாமல் தமக்கு எப்படிப் புரியும் என்று அவரே பிலிப்பிடம் கேட்டார் (திப 8:26-40). திருச்சபைக்குள் பிறந்த நூல் திருச்சபைக்குள்தான் முழுமையாகப் புரியும். மறைநூலும் திருமரபும் ஒரே ஊற்றிலிருந்து பெருகுகின்றன என்று நாம் நம்புவது இதனால்தான்.

திருப்பலியில் இறைவார்த்தை

திருப்பலியில் இரு பந்திகள் உள்ளன. ஒன்று இறைவார்த்தையின் பந்தி, மற்றொன்று நற்கருணைப் பந்தி. இவ்விரண்டும் ஒரே வழிபாடு என்று 1963இல் வெளியான "திருவழிபாடு" கொள்கைத் திரட்டு கற்பிக்கிறது (எண் 56). எம்மாவு சீடர்களுக்கு நிகழ்ந்ததும் இதுவே. வழியில் ஆண்டவர் மறைநூலை விளக்கினார். பின்னர் அப்பத்தைப் பிட்டார். முதலில் உள்ளம் பற்றியெரிந்தது, பிறகு கண்கள் திறந்தன (லூக் 24:13-35). முதல் பகுதியைத் தவிர்த்துவிட்டு இரண்டாம் பகுதிக்கு மட்டும் வருபவர் வழிப்பயணத்தை விட்டுவிட்டு விருந்துக்கு மட்டும் வருபவர் ஆவார்.

1969இல் திருத்தியமைக்கப்பட்ட வாசக முறைப்படி, ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று வருகின்றன. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. யோவான் நற்செய்தியைச் சிறப்பாகத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் கேட்கிறோம். சாதாரண ஞாயிறுகளில் முதல் வாசகமும் நற்செய்தியும் ஒன்றையொன்று விளக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பதிலுரைப் பாடல் இறைவன் பேசியதற்கு நாம் தரும் மறுமொழி.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மூன்றாம் ஆண்டின் பொதுக்காலம் 3ஆம் ஞாயிறன்று முதல் வாசகம் நெகேமியா 8ஆம் அதிகாரம். நாடுகடத்தலிலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமின் தண்ணீர் வாயில்முன் கூடுகின்றனர். குருவாகிய எஸ்ரா மரமேடையில் நின்று திருச்சட்ட நூலைத் திறக்கிறார். மக்கள் எழுந்து நிற்கின்றனர். ஆண்களும் பெண்களும், புரிந்துகொள்ளக்கூடிய அனைவரும் காலை முதல் நண்பகல்வரை கேட்கின்றனர், கேட்டு அழுகின்றனர். அழ வேண்டாம், போய் உண்ணுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் அனுப்பிவையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அன்றைய நற்செய்தியில் இயேசு நாசரேத்து தொழுகைக்கூடத்தில் எசாயாவின் சுருளை வாசித்து, அந்த மறைநூல் வாக்கு அன்றே நிறைவேறிற்று என்கிறார் (லூக் 4:14-21). வாசிப்பது, கேட்பது, பகிர்வது, நிறைவேறுவது எல்லாம் இந்த ஒரு ஞாயிறில் அடங்கியுள்ளன. இதே பொதுக்காலம் 3ஆம் ஞாயிறையே இறைவார்த்தை ஞாயிறாகக் கொண்டாடும்படி மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ஏற்படுத்தினார்.

நற்செய்தி வாசிக்கப்படும்முன் நாம் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை வரைகிறோம். இந்த வார்த்தை என் அறிவில் தங்கட்டும், என் வாயால் அறிவிக்கப்படட்டும், என் இதயத்தில் காக்கப்படட்டும் என்பதே அதன் பொருள். பழக்கத்தால் கை தானாக அசைகிறது. பொருளை நினைத்துச் செய்தால் அதுவே ஒரு செபம்.

நாம் தவறும் இடங்கள்

மூன்று காரியங்களைப் பணிவோடு சுட்டிக்காட்டுவோம்.

முதலாவது, தாமதம். மறையுரை முடியும் நேரத்தில் வந்தால் போதும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உள்ளது. பேருந்து, சமையல், வயல் வேலை எனக் காரணங்கள் உண்மையானவையே. ஆனால் திருமண விருந்துக்கு முகூர்த்தம் முடிந்தபின் போவதைக் குறையாக நினைக்கும் நாம், ஆண்டவர் பேசி முடித்தபின் வருவதைக் குறையாக நினைப்பதில்லை.

இரண்டாவது, வாசிப்பு. ஆலய வாயிலில் நிற்பவரைக் கடைசி நிமிடத்தில் அழைத்து வாசகத்தைக் கையில் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அவர் தடுமாறுவார், பெயர்களைத் தவறாக உச்சரிப்பார், கேட்பவர்களுக்கு எதுவும் எட்டாது. அது வாசித்தவரின் குற்றம் அன்று. முந்தின நாளே வாசகத்தைக் கொடுத்து, வீட்டில் இருமுறை உரக்க வாசித்துப் பார்க்கச் சொல்வது நம் கடமை. வாசகர் தம் குரலை இறைவனுக்குக் கடன் கொடுக்கிறார். வாசகர் பணி பெண்களுக்கும் முறைப்படி வழங்கப்படலாம் என 2021 ஜனவரியில் திருச்சபை அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் வேதியர் பணியும் திருச்சபையின் முறையான பணியாக ஏற்படுத்தப்பட்டது. செஞ்சி நாட்டில் அன்று ஊர் ஊராக நடந்த உபதேசியார்களுக்குக் கிடைத்த காலம் தாழ்ந்த மரியாதை என்றே இதைக் கொள்வோம்.

மூன்றாவது, யாரை வாசகமேடைக்கு அழைக்கிறோம் என்பது. நம் உயர்மறைமாவட்டத்தின் வரலாற்றில் சாதியின் பெயரால் ஆலயத்துக்குள்ளும் கல்லறையிலும் பிரிவினை இருந்ததை மறைக்க முடியாது. அந்தக் காயம் எல்லா இடங்களிலும் ஆறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையைப் புனித யாக்கோபு கடிந்துகொள்கிறார் (யாக் 2:1-4). அந்தப் பகுதியை வாசிக்கும் மேடையில் சில குடும்பங்களுக்கு மட்டும் இடம் என்றால், வாசகம் நம்மையே தீர்ப்பிடும். இறைவார்த்தை இருபுறமும் கூர்மையான வாள் (எபி 4:12). அது முதலில் வெட்டுவது பிறரை அன்று, நம்மையே.

வீட்டிலும் அன்பியத்திலும்

ஞாயிறன்று கேட்டது திங்களன்று மறைந்துவிடாமல் இருக்க, சில எளிய வழிகளைப் பரிந்துரைக்கிறோம்.

சனிக்கிழமை இரவு செபமாலைக்குப் பின் மறுநாள் நற்செய்தியைக் குடும்பத்தில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னால் தமிழும் வளரும், விசுவாசமும் வளரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கேட்டுவிட்டுச் சொல்லும் ஒரு சொல் சில நேரங்களில் மறையுரையைவிட ஆழமாக இருக்கும்.

அன்பியக் கூட்டத்தில் வாசகத்துக்குப் பின் உடனே பேசத் தொடங்காமல், இரண்டு நிமிடம் அமைதி காப்போம். பிறகு ஒவ்வொருவரும் தம்மைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் கூறட்டும். விவாதம் வேண்டாம். இறுதியில், இவ்வாரம் இந்த வார்த்தைக்காக நாம் யாருக்கு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்போம். நோயுற்றவரைச் சந்திப்பதாக இருக்கலாம். பேசாமல் இருக்கும் அண்டைவீட்டாரோடு பேசுவதாக இருக்கலாம். கேட்பதோடு நின்றுவிடுபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார் என்பது யாக்கோபின் எச்சரிக்கை (யாக் 1:22).

பீடத்தின் அருகிலோ வீட்டு மாடத்திலோ திருவிவிலியத்தைத் திறந்து வைத்து மலர் சூட்டுவது நல்ல பழக்கம். ஆனால் மலர் மட்டும் மாறிக்கொண்டே இருக்க, பக்கம் மாறாமலே இருந்தால் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

நிறைவாக

வார்த்தையைக் கேட்டு அதன்படி நடப்பவர் பாறைமீது வீடு கட்டியவருக்கு ஒப்பானவர் என்றார் ஆண்டவர் (மத் 7:24-27). செஞ்சி மக்களுக்கு இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிப்போம். பாறை என்பது கேட்பது மட்டும் அன்று, கேட்டதைச் செய்வதும் சேர்ந்ததே. மணல்மேல் கட்டியவரும் கேட்டார், செய்யவில்லை.

புத்தகம் இல்லாத காலத்தில் வார்த்தையை நெஞ்சில் சுமந்து இந்த மண்ணில் நடந்த உபதேசியார்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர்கள் நமக்கு விட்டுச்சென்றது வேதக்காரர் என்ற பெயர். வரும் ஞாயிறன்று முதல் வாசகம் தொடங்குமுன்பே ஆலயத்தில் இருப்போம்; காதால் கேட்போம்; வீட்டில் மீண்டும் வாசிப்போம்; ஒரு செயலாவது செய்வோம். அப்போது அந்தப் பெயருக்கு நாமும் உரியவர்கள் ஆவோம்.

வார்த்தையான இறைவன் நம் செவிகளையும் இதயங்களையும் திறந்தருள்வாராக!